ஆரிபா கட்டிவிட்ட கைலி

நூர் அகமது கள்ளாட்டம் ஆடுவது மனைவி ஆரிபாவுக்குத் தெரியும். பிசியோதெரபி செய்யப் பேகம்பூர் வீட்டுக்கு வரும் ஷைனிக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது, சாயாமல் நிற்கும் நிலைதான் இன்னும் திரும்பவில்லை. முப்பது வருடம் சீரகச் சம்பா பிரியாணிக்குத் தம் போட்டவரை மகன் நியாஸ் கடை அடுப்புப் பக்கமே விடுவதில்லை.

"அண்டாவுக்குள்ள சாஞ்சுட்டா என்ன செய்ய அத்தா? ஷைனி அக்கா சரின்னு சொல்லட்டும்" என்பான்.

ஷைனியோ, எதையும் பிடிக்காமல் இடது காலில் மட்டும் பத்து எண்ணும்வரை நின்றால்தான் சரி சொல்வாளாம். மூன்றிலேயே சாய்கிற கால் அது. நூர் பாய் அதற்கும் வழி கண்டுபிடித்தார். தரையைத் தொடும் கைலிக்குள் வலது காலைத் தூக்குவது போல முழங்காலை மடக்கி, பெருவிரலை மட்டும் ரகசியமாகத் தரையில் ஊன்றிக்கொள்வார்.

"கைலியக் கழட்டிட்டு டவுசரோட நில்லுங்க பாய்" என்று ஷைனி சொன்னால், "நமக்கு அந்தப் பழக்கம் இல்லம்மா" என்பார், பால் குடிக்கும் பூனையாக.

அந்தக் கைலியையும் ஆரிபாதான் தினமும் கட்டிவிட வேண்டும். இடது கைக்கு இன்னும் பிடி வரவில்லை. ஊருக்கே சமைத்துப் போட்டவருக்கு அது பெரிய அவமானம்.

சோதனை நாளன்று ஷைனி பின்னால் நின்றுகொண்டு எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பெருவிரல் கச்சிதமாக வேலை பார்த்தது. நாலில் கைலி நழுவியது. உள்ளே டவுசர் இருந்ததுதான், இருந்தாலும் மானம் கேட்குமா? இரண்டு கையாலும் பிடித்து மார்புவரை இழுத்தார். இழுத்த வேகத்தில் கைலி முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஐயோ, பெருவிரல்! பதறிப்போய் வலது காலை நிஜமாகவே தூக்கிக்கொண்டார்.

"ஒண்ணு... ரெண்டு..." ஷைனி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இடது கால் வெடவெடவென்று ஆடியது. ஆனால் மனிதர் விழவில்லை.

"பத்து! இதுதான் பாய் நிக்கிறது. இத்தனை நாளா பெருவிரலுக்குல்ல எக்சர்சைஸ் குடுத்தீங்க! நியாஸ்கிட்ட சரின்னு சொல்லிடுறேன்."

எதிரே, கைக்கெட்டும் வாசலில் ஆரிபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வேணும்னே லூசாக் கட்டினியா?"

"பின்ன? சொன்னாக் கேக்குற ஆளா நீங்க?"

"விழுந்திருந்தா?"

"விழுக விட்டுருவோமா? பின்னாடி அவ, முன்னாடி நான்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. குனிந்தவர், கைலியை விடாப்பிடியாகப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தார். கட்டிவிட வந்த ஆரிபாவை "தள்ளு" என்றார். எங்கும் சாயாமல் நின்று அவரே மடித்தார், இழுத்தார், சொருகினார். கோணலாகத்தான் இருந்தது. ஆரிபாவுக்குச் சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குத் தம் போட அத்தா வாராருன்னு நியாஸுக்குச் சொல்லு."

"சொல்றேன். அண்டா பக்கத்துல நிக்கையில கைலி அவுந்துட்டா?"

"அதெப்படி அவுரும்? கட்டுனது நீ இல்லையே."