மூன்றுக்கு ஒன்று

கிருமிநாசினி தயாரிக்கும் கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. காலை எட்டு மணிக்கே கலவைக்காரியை அதற்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார் மேற்பார்வையாளர். "விடை வந்தா வெளிய வா. வரலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கே வராதே."

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. வெள்ளை டிரம்மில் வீரியம் குறைந்த மருந்து, நீல டிரம்மில் வீரியம் கூடியது. எப்போதும் ஒரே வீரியத்தில்தான் வரும், ஆனால் அது எவ்வளவு என்று சொல்லும் சீட்டுகள் மழையில் ஊறிக் கரைந்துவிட்டன. டிரம்களை வெளியே விட்டவள் அவள்தான். வழக்கமாக மூன்று லிட்டர் வெள்ளைக்கு ஒரு லிட்டர் நீலம் ஊற்றினால் கலவையின் வீரியம் ஆறு. இன்றைக்கு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக்கு ஒன்பது வேண்டும், அதுவும் மதியத்துக்குள். அளக்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. மருந்து அனுப்பிய கம்பெனியில் போனை எடுக்க ஆளில்லை.

பதிவேட்டைத் திறந்தாள். நாலு லிட்டர், வீரியம் ஆறு; பெருக்கினால் இருபத்துநாலு. வெள்ளைக்கு 'வெ', நீலத்துக்கு 'நீ' என்று வைத்து எழுதினாள்: 3வெ + நீ = 24. தெரியாதது இரண்டு, ஆகவே இன்னொரு வரி வேண்டும். அடுத்த நாள் கணக்கை எடுத்தாள். எட்டு லிட்டர்: 6வெ + 2நீ = 48. முதல் வரியை இரட்டித்துக் கழித்தாள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம் சமம்.

முப்பது பக்கம் புரட்டினாள். பத்து லிட்டரோ, நூறு லிட்டரோ, எல்லாம் மூன்றுக்கு ஒன்றுதான். சொன்ன அளவிலிருந்து ஒருநாளும் பிசகாத கை அவளுடையது. அந்த ஒழுங்கே இப்போது நாலு சுவராக நின்றது. முப்பது நாளும் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. வியர்வை கழுத்தில் இறங்கியது. "கடவுளே, வழி விடு" என்றாள்.

கதவிடுக்கில் நாத்தனாரின் தலை தெரிந்தது. கூடவே வேலை செய்பவள். "என்ன அண்ணி, கணக்குல நூத்துக்கு நூறுன்னு எங்கண்ணன்கிட்ட அளந்தீங்களே, அந்த நூறு எங்க போச்சு?"

"போய் வேலையப் பாரு தாயே."

நாத்தனார் போனதும் அவளுக்கு அது நினைவு வந்தது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில், அவள் எழுதிவைத்த ஒரு குறிப்பு. இரண்டு மாதத்துக்கு முன் நாத்தனார் குடுவைகளை மாற்றி ஊற்றிவிட்டாள். ஒரு லிட்டர் வெள்ளை, மூன்று லிட்டர் நீலம். வீரியம் பத்து காட்டியது. பாட்டிலில் அடைக்கும் முன்பே தண்ணீர் சேர்த்து ஆறாக்கிவிட்டாள் கலவைக்காரி. யாரிடமும் மூச்சுவிடவில்லை, நாத்தனாரிடம்கூட.

வெ + 3நீ = 40.

இது வேறு வரி. மும்மடங்காக்கி முதல் வரியைக் கழித்தாள்: 8நீ = 96. நீலம் பன்னிரண்டு, வெள்ளை நாலு. மூன்று லிட்டர் வெள்ளையும் ஐந்து லிட்டர் நீலமும் சேர்ந்தால் ஒன்பது. கதவு திறந்த மாதிரிதான்.

ஆனால் அந்த நாளுக்கு நேரே பதிவேட்டில் இருந்தது நாத்தனாரின் கையெழுத்து. ஏற்கெனவே ஒரு முறை எச்சரிக்கை வாங்கியவள். இன்னொரு தப்பு என்றால் வேலை போய்விடும், அவளுக்கு வேறு வருமானமும் இல்லை. கலவைக்காரி கணக்கும் குறிப்பின் தேதியும் எழுதிய தாளை மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தட்டியபோது, "வரல சார்" என்றாள். ஆபரேஷன் அறையில் யாரோ காத்திருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் முகம் தெரியாத நோயாளி, நடுவில் அவள்.

நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்க, உதடு காஞ்சு கிடக்கு. கேலி பண்ணாலும் நான் மனுஷிதானே." தம்ளரை வாங்கும்போது தாள் விழுந்தது. எடுத்துப் பிரித்தவள், 'வெ + 3நீ' என்ற வரியையும் ஓரத்தில் இருந்த தேதியையும் பார்த்தாள்.

"அன்னிக்கு ஊத்தினது நான்ல?"

கலவைக்காரி தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள்.

"ரெண்டு மாசமா மனசுக்குள்ள வச்சிருந்தீங்களா? நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே, அப்பகூட திருப்பிச் சொல்லலையே அண்ணி!"

தாளை எடுத்துக்கொண்டு நேரே மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், விடை இருக்கு. குடுவை மாத்தி ஊத்தினவ நான்தான். அண்ணி அதைச் சரிபண்ணினாங்க."

அவர் தாளை இரண்டு தரம் படித்தார். "கணக்கு சரி. தப்பும் தப்புதான். நாளையிலேர்ந்து நீ மூடி போடற வரிசைக்குப் போ."

நின்றுகொண்டே பாட்டிலுக்கு மூடி போடும் வேலை, கால் கடுக்கும். இருந்தாலும் வேலை போகவில்லை. நாத்தனார் திரும்பி வந்து கண்ணாடிக் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. மூணு வெள்ளை, அஞ்சு நீலம். இன்னிக்கு நான் ஊத்தறேன், நீங்க பக்கத்துல நின்னு சத்தமா எண்ணுங்க."

"ஒண்ணு" என்றாள் கலவைக்காரி.