காற்று ஊசி

மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது விளக்குக் கம்பத்தை நெருங்கும்போது ஸ்கூட்டர் ஒருமுறை விக்கியது. ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கினாள். அதற்கு மேல் முறுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தும் முறுக்கினாள். இன்னொரு விக்கல், ஒரு நீண்ட இழுப்பு, அப்புறம் மூச்சுப் பேச்சில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் அவளுடைய பரம்பரையையே விசாரிப்பதுபோல ஹாரன் அடித்துவிட்டுப் போனான். காலால் உந்தி உந்தி வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். காலடியில் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் பதினான்கு பேருடைய வெறும் வயிற்று ரத்தம் இருந்தது. ஓய்வுபெற்ற ஓர் உயர் அதிகாரியின் சர்க்கரையும், அவருடைய வீட்டுக் காவலாளியின் சர்க்கரையும் பக்கத்துப் பக்கத்துக் குப்பிகளில், யாருக்கு யார் எழுந்து நிற்பது என்ற கவலையே இல்லாமல் ஒன்றாகக் குலுங்கியிருந்தன. அத்தனையும் ஒன்பது மணிக்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணி எட்டே முக்கால்.

ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டுக் கிக்கரை மிதித்தால் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பும். அதுதான் அதன் கெட்ட குணம். சுத்தமாகச் செத்துப்போகிற வண்டி என்றால் தள்ளிக்கொண்டு போய் யார் காலிலாவது விழலாம். இது பாலத்தில் ஒருமுறை, புறவழிச்சாலையில் இரண்டு முறை என்று தவணை முறையில் செத்துச் செத்துப் பிழைத்தது. அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதேகால்.

கூடத்தின் மேனேஜர் எப்போதும் வெள்ளைக் கோட்டில் இருப்பார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும் என்பது அந்தக் கட்டடமே அறிந்த ரகசியம். அதனால் ஐஸ் பெட்டியைப் பார்க்காமல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தே பேசினார்.

"சிஸ்டர், இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவை ஆச்சுன்னா நீங்க உள்ளயே உட்கார்ந்துடலாம். வேன் வச்சு எடுத்துக்கறோம். உங்களுக்கும் வசதிதானே, ஃபேன் இருக்கு."

உள்ளே என்றால் பின்னறை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். பதினாறு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையின் வார்டில், படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே நடந்து தேய்ந்தவள் அவள். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்த வேலை கிடைத்து, விடிந்ததும் விடியாததுமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கையை நீட்டச் சொல்லி, குத்தி எடுத்துக்கொண்டு பறக்கிற வாழ்க்கைக்கு வந்திருந்தாள். நாற்பத்தேழு வயதில் முகத்தில் காற்று அடிப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்ததே இந்த எட்டு மாதத்தில்தான். அதைப் போய் ஃபேனுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் மனிதர்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்தார். அவர் ஒரு பெயின்ட் கிடங்கின் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிடங்கிலிருந்து ஒரு சொட்டு தின்னர்கூடத் தம் அனுமதியில்லாமல் ஆவியானதில்லை என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார். உலகத்தில் எல்லாப் பொருளும் ஓடிப்போகத்தான் பார்க்கிறது, மனுஷன்தான் மூடி வைக்க வேண்டும் என்பது அவருடைய தத்துவம். டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருந்தது. எந்தப் பட்டன் எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். சோபாவில் உட்கார்ந்தால் பாலித்தீன் முனகும். தூசி வருகிறது என்று ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர்கள் உண்டு. இவர் அந்த முயலையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேலே தேதி எழுதி வைக்கிறவர்.

"நான் ஓட்டும்போது நிக்கலையே" என்றார்.

அது உண்மைதான். அவர் கிடங்குக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போய், டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு, முப்பதுக்கு மேல் முள் நகராமல், ஊர்வலத்தில் வருகிறவர்போலத் திரும்பி வருவார். நடந்து போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை அவளே பார்த்திருக்கிறாள். ஆக்சிலரேட்டர் என்பது தடவிக் கொடுக்க வேண்டிய விஷயம், துணி பிழிவதுபோல முறுக்குகிறவர்களுக்கு வண்டி எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முடித்துவிட்டு, உறைக்குள்ளிருந்த ரிமோட்டை அமுக்கினார்.

மெக்கானிக் இதற்கு மேல். கடை வாசலில் 'இருசக்கர வாகன மருத்துவமனை' என்று பலகை. எல்லாரும் தன்னைச் சீஃப் என்று கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பான். ஒரே மாதத்தில் மூன்று முறை கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்திருந்தான். பிளக் மாற்றினான், ஃபில்டர் மாற்றினான். டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டியூபைப் பிடுங்கிக் காட்டினான். பெட்ரோல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். தெருமுனை வரைக்கும் அது தங்கமாக ஓடியது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம். பாலத்தில் ஏறி முழுசாக முறுக்கிப் பாருங்கள் என்று அவள் சொன்னதை, நோயாளி தனக்குத் தானே மருந்து சொல்வதைக் கேட்கிற டாக்டர் முகத்தோடு கேட்டுக்கொண்டான். ஒரு விஷயத்தை அவள் கவனித்திருந்தாள். சனிக்கிழமைகளில் வண்டி பாலத்தையே தாண்டிவிடுகிறது. திங்கட்கிழமை என்றால் மூன்றாவது கம்பம்கூட எட்டுவதில்லை. அதையும் சொன்னாள்.

"திங்கட்கிழமைன்னா எல்லாருக்கும்தான் சிஸ்டர் ஓடாது" என்றான் சீஃப். அப்புறம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வண்டிக்கு வயசாச்சு" என்றான்.

"எனக்கும்தான் வயசாச்சு. நான் பாதியில நிக்கலையே."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அவன் சிரித்தான்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது கம்பத்திலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த உயர் அதிகாரி, ரத்தம் எடுப்பதற்கு முன்னால் தாம் பணியில் இருந்தபோது எத்தனை பேர் தம் முன்னால் நடுங்கினார்கள் என்று கால் மணி நேரம் சொல்லிவிட்டு, ஊசியைக் கண்டதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டதில் ஏற்கனவே நேரமாகியிருந்தது. மணி எட்டு முப்பத்தெட்டு. ஐந்து நிமிடம் சும்மா நிற்கிற பொறுமை அவளிடம் இல்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், கம்பத்தைச் சுற்றி வந்தாள். சுவரைப் பார்த்த நாற்காலி கண் முன்னால் வந்து வந்து போனது. ஏதாவது செய்ய வேண்டுமே என்பதற்காகவே சீட்டைத் தூக்கி, பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாம் என்று டேங்க் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகியபோது மூடி சட்டென்று இளகியது. டேங்க்குக்குள்ளே 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று போனது. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் மேலே வந்து இழுக்கிற முதல் மூச்சு மாதிரி, நீளமாக.

மூடியைப் போட்டுவிட்டு கிக்கரை மிதித்தாள். முதல் மிதியிலேயே கிளம்பியது.

ஐந்து நிமிடம் காத்திருக்காமலேயே கிளம்பியது அவளுக்கு உறுத்தியது. உறுத்தலோடே ஏற்றம் ஏறி, மறுபக்கம் இறங்கிப் புறவழிச்சாலையில் முழுசாக முறுக்கினாள். முதல் விக்கல் வந்தது. அந்த விக்கலைக் கேட்ட நொடியில் அவளுக்கு வார்டு ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளுக்கோஸ் கண்ணாடிப் பாட்டிலில்தான் வரும். ஒருநாள் ஒரு நோயாளிக்குச் சொட்டு இறங்காமல் நின்றுவிட்டது. டியூட்டி டாக்டர் கையில் மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, நரம்பைத் திட்டி, நோயாளியைத் திட்டி, கடைசியில் அவளைத் திட்டினார். அவள் இன்னோர் ஊசியை எடுத்துக் கவிழ்ந்திருந்த பாட்டிலின் ரப்பர் மூடியில் குத்தினாள். காற்று ஊசி. யாரோ அதைப் போட மறந்திருந்தார்கள். பாட்டிலுக்குள் குமிழிகள் மேலே ஏற, சொட்டு சொட்டென்று இறங்கியது. சொந்தக்காரர்களிடம் டாக்டர், தாம் சரிபண்ணிவிட்டதாகச் சொன்னார்.

வண்டியை ஓரங்கட்டினாள். மூடியைத் திருகி, இந்தத் தடவை முழுசாகக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். மூடியின் வயிற்றுப் பக்கம் வட்டமாகச் சிவப்பு ரப்பர் ஒன்று, பெட்ரோலில் ஊறிப் பருத்து, மெத்தைபோல இறுகி உட்கார்ந்திருந்தது. அதில் குண்டூசியால் கீறி ஒரு தேதி. அதற்குக் கீழே அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் 'சரிபார்க்கப்பட்டது'.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டுக்கடியில் பெட்ரோல் வாசனை வருகிறது என்றும், மூடியில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்றைத் தயாரித்தவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றும் கணவர் அறிவித்தது நினைவுக்கு வந்தது. ஓட்டை விழுந்த வெந்நீர்ப் பையை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒன்றை அடைத்துவிட்டு வந்து அறிவிக்கிறவர். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? முதலில் லேசாகத்தான் அடைத்திருக்கும். ஊற ஊறத்தான் இறுகியிருக்கிறது. மெதுவாக ஓட்டினால் கசிகிற காற்று போதும். முறுக்கினால் இன்ஜின் குடிக்கிற வேகத்துக்குப் பெட்ரோல் இறங்காது. டேங்க் ரொம்பி இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. சீக்கிரம் மூச்சு முட்டும். திங்கட்கிழமையின் மர்மம் அவ்வளவுதான்.

கட்டு வெட்டுகிற வளைந்த கத்தரிக்கோலால் நெம்பி அதை எடுத்தாள். பிசினோடு பிய்த்துக்கொண்டு வந்தது. சாம்பிள் போடுகிற சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழக்கதோஷத்தில் லேபிளும் ஒட்டினாள். பிறகு ஏறி உட்கார்ந்து முறுக்கினாள். எட்டு ஐம்பத்தைந்துக்கு ஐஸ் பெட்டியை மேசைமேல் வைத்தபோது மேனேஜர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மேல்முறையீடு செய்கிறவர்போலத் தம் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொல்லின.

அன்று சாயங்காலம் அந்த உறையைக் கணவர் முன்னால் வைத்தாள்.

"டேங்க்குக்குள்ள காத்து போக வழியில்லங்க. அதான் பெட்ரோல் இறங்காம நின்னிருக்கு."

அவர் ரப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பெருமை ஊறியது. "வட்டம் எப்படி வந்திருக்கு பாரு. காம்பஸ் இல்லாம வெட்டினேன்."

"பாட்டில்ல காத்து ஊசி குத்தினாத்தான் குளுக்கோஸ் இறங்கும். இதுவும் அதேதான்."

"அது குளுக்கோஸ்" என்றார் பொறுமையாக. "இது பெட்ரோல். காத்து உள்ள போற வழியாத்தானே பெட்ரோல் வெளிய போகும்? மூணு மாசமா வாசனையே வரல, கவனிச்சியா?"

அவள் இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குரலை உயர்த்திக்கூடப் பார்த்தாள். அவர் ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்தது தப்பில்லை, அடைத்த சரக்கு ஊறிப்போய்விட்டது, அதுதான் கோளாறு என்ற முடிவுக்கு அவர் வந்துகொண்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்ப் பையின் மிச்சத்தை எடுத்துவைத்துக்கொண்டு, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்தியபடி, புதிதாக ஒரு வட்டம் வெட்டினார். இம்முறை நூலிழை பெரிதாக வெட்டியதால் பிசின்கூட வேண்டியதில்லை என்றார். பிறகு சீஃபுக்கு ஃபோன் போட்டு, வண்டியில் இருந்தது ரொம்பச் சின்ன விஷயம், ரப்பர் ஊறியிருந்தது, தாமே கண்டுபிடித்ததாகச் சொன்னார். அந்தப் பக்கம் சீஃப் தானும் அதைத்தான் சந்தேகப்பட்டதாகச் சொன்னான்போலிருக்கிறது. இரண்டு நிபுணர்களும் வெகு நேரம் மனம்விட்டுப் பேசினார்கள். அவள் எழுந்து போய் ஜன்னல் டேப்பை நகத்தால் கொஞ்சம் கீறிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாலித்தீன் முனகியது. மறுபடியும் எழுந்தாள்.

திங்கட்கிழமை விடிகாலை, டேங்க் ரொம்பிய வண்டியை வாசலிலிருந்து அடக்க ஒடுக்கமாக ஓட்டிக்கொண்டு போனாள். ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்; அவள் தடவித்தான் கொடுத்தாள். தெரு திரும்பி, வீடு மறைந்ததும் நிறுத்தினாள். சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, கத்தரிக்கோல் முனையால் ஒரு நெம்பு. வட்டம் தொப்பென்று உள்ளங்கையில் விழுந்தது. சேலைக்கு மேல் மாட்டியிருந்த வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் இதே முனையில் நின்று மறுபடியும் பொருத்திவிட்டால் போயிற்று. புருஷன் வெட்டிய வட்டத்தைத் தினமும் காற்றாட வெளியே கூட்டிப்போவது பெண்டாட்டியின் கடமை இல்லையா?

அன்றைக்கு அவள் கூடத்துக்குப் போனபோது எட்டு முப்பது. மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. சுவரைப் பார்த்த நாற்காலி காலியாக இருந்தது, மேலே ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இனி பத்து மணி வரைக்கும் வேலையில்லை. எதிர்க்கடையில் டீ குடிக்கலாம், வராந்தாவில் உட்காரலாம். வண்டியைக் கிளப்பினாள்.

எடுக்க ரத்தமும் இல்லை, சேர்க்க இடமும் இல்லை. வெறும் பெட்டி காலடியில் தடதடக்க, வந்த வழியே திரும்பி மேம்பாலத்தில் ஏறினாள். முழுசாக முறுக்கினாள். கோட்டுப் பைக்குள் ரப்பர் வட்டம் இடுப்பில் தட்டிக்கொண்டே வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் எது மூன்றாவது கம்பம் என்று தெரியவில்லை. ஆனாலும் காது விக்கலுக்காகக் காத்திருந்தது. ஒரு கம்பம் போயிற்று, இன்னொன்று, இன்னொன்று. மணிக்கட்டு வலித்தது. அவள் கையைத் தளர்த்தவில்லை. பாலம் முடிந்து சாலை இரண்டாகப் பிரிகிற இடம் தூரத்தில் தெரிந்தது. சீட்டுக்கடியில், ஊசி முனையளவு ஓட்டை வழியாக, டேங்க் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.