ஞாயிறு வரை

ஐம்பத்தேழு வயது வரைக்கும் அர்காதி பெத்ரோவிச் பேசியது, திட்டியது, கனவு கண்டது எல்லாம் ரஷ்ய மொழியில்தான். உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. போர் தொடங்கிய முதல் வசந்தத்தில் எதிர் வரிசைக் குடியிருப்பின் நான்கு மாடிகள் ஒரே ரஷ்ய ஏவுகணையில் சரிந்தன. இடிபாடுகளுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களைத் தோண்டி எடுத்துவிட்டு வந்து கை கழுவும்போது, "இனிமே அந்தப் பாஷை என் வாயில வராது" என்று மனைவி நேலாவிடம் சொன்னார். அதைச் சொன்னதும் ரஷ்ய மொழியில்தான். நேலா அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடமாக உக்ரேனிய மொழியில் தடுமாறிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே பழைய டிராக்டர் பட்டறை ஒன்றில் வேலை. வெளிநாடுகள் கொடுத்த பீரங்கிகள் அடிபட்டும் தேய்ந்தும் அங்கேதான் வரும். முப்பது வருடம் சோவியத் இரும்போடு மல்லுக்கட்டிய கை அவருடையது. இந்தப் புதுப் பீரங்கிகள் எடை குறைவு, குறி தவறாது, ஆனால் சீக்கிரம் நோகும். அவற்றின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை உக்ரேனியத்தில் பெயர்த்துக் கொடுப்பது நாட்டின் மேற்கிலிருந்து வந்திருந்த ஸ்லாத்தா. இருபத்தாறு வயசுப் பெண். அவர் மொழியில் சறுக்கும்போதெல்லாம் அவள் சிரிக்காமல் திருத்துவாள். அந்தச் சிரிக்காமை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் கடலுக்கு அப்பால், ஆயுதம் தரும் நாட்டின் நாடாளுமன்றத்தில், உதவிக்கான வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது. புதுக் குழல்கள் வரவில்லை. குண்டும் அளந்துதான் வந்தது, ஒரு பீரங்கிக்கு ஒரு நாளைக்கு இருபது. ஒரு புதன்கிழமை அர்காதி போர்முனைக்கே போய், ரோதியோன் என்பவரின் பீரங்கிக் குழலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் கிட்டத்தட்ட மழுங்கியிருந்தன.

"எப்படி இருக்கு பெத்ரோவிச், எங்க பாட்டிம்மாவோட தொண்டை?" என்றார் ரோதியோன். லிசிசான்ஸ்கில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த ஊர் இப்போது எதிரியின் கையில்.

"பாடுனது போதும்னு சொல்லுது. கணக்குப் பாத்துட்டு போன் பண்றேன்."

"அட, உக்ரேனியத்துல பேசுறீங்க! எனக்கு அவனைச் சுடத் தெரியுது. அவன் பாஷையை விடத்தான் தெரியல."

"பழகிக்கலாம்யா. நானே பழகிட்டேன்." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்லாத்தா தேய்மான அட்டவணையைப் பெயர்த்து முடித்தாள். படங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வியாழன் சுட்டதையும் கழித்தால் இன்னும் அறுபது குண்டு. அதற்கு மேல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே வெடிக்கலாம். அதாவது வெள்ளி, சனி, ஞாயிறு.

அன்று காலையில்தான் ஸ்லாத்தா சொல்லியிருந்தாள்: "இன்னிக்கு ஒரு தடவைகூட நீங்க சறுக்கல, அர்காதி பெத்ரோவிச். எண்ணிக்கிட்டே இருக்கேன்."

அவள் பக்கத்தில் நிற்க, ரோதியோனை அழைத்தார். இணைப்பு கரகரத்தது. குண்டின் எண்ணிக்கையை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எண்ணிக்கை பேசக்கூடாது என்று உத்தரவு இருந்தது. அதனால் "ஞாயிறு வரைக்கும்தான்" என்று உக்ரேனியத்தில் சொன்னார்: தோ நெதீலி. அதுவே ரஷ்யக் காதுக்கு, தோ நெதேலி, ஒரு வாரம் வரைக்கும். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அந்தக் கரகரப்பில் அதுவும் கிடையாது.

"நெதேலியா? சரி, போதும் பெத்ரோவிச், அதுக்குள்ள..." என்று ரோதியோன் ஏதோ சொல்ல, இணைப்பு அறுந்தது.

அர்காதி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போதுமாமே, எதற்குப் போதும்? மனதில் ஏதோ நெருடியது. மறுபடி கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ரஷ்ய மொழியில் உள்ள "வஸ்க்ரெசேன்யே" என்ற ஒரே ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. நிமிர்ந்தபோது ஸ்லாத்தா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சாப்பாட்டு நேரம், பீட்ரூட் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வேறு இரண்டு பீரங்கிகள் வந்தன. ஞாயிறு வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போது நினைவு வந்தது. 'சுடுவதை நிறுத்தியிருப்பார்கள்' என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நிறுத்தினால் ரோதியோனின் குழு காக்கும் கிராமத்துக்கு மூன்றில் இரண்டு பீரங்கிதான் மிஞ்சும் என்பதும் கூடவே ஓடியது. திங்கட்கிழமை ரோதியோனின் பீரங்கி பட்டறைக்கு வரவில்லை. வரவில்லை என்பதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, வேறொரு பீரங்கியின் அடியில் படுத்து வேலையைப் பார்த்தார்.

புதன்கிழமை முற்பகல் குழல் வெடித்தது. ரோதியோனும் குண்டு தூக்கும் ஒருவரும் அங்கேயே இறந்தார்கள். தீமூர் என்ற இன்னொருவருக்கு இடது கை போயிற்று.

விசாரணைக் குழு பட்டறைக்கு வந்து இரண்டு மணி நேரம் இருந்தது. குழல் தேய்மானம், மாற்றுக் குழல் இல்லாமை, போர்முனையின் அவசரம் என்று எழுதிக்கொண்டு போனது. தேநீர் நேரத்தில் எல்லாரும் கொதித்தார்கள்.

"அவனுங்க அங்க ஓட்டுக்குக் கையைத் தூக்கவா வேணாமான்னு யோசிக்கிறானுங்க, இங்க நம்ம பசங்க கை போகுது" என்றான் வெல்டிங் வேலை பார்ப்பவன்.

அர்காதி தலையாட்டினார். அவன் சொன்னதில் பொய்யில்லை. அதனாலேயே அந்தத் தலையாட்டல் பல நாள் அவர் கழுத்தை அழுத்தியது.

மூன்றாவது வாரம் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். தீமூர் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வெடிச் சத்தத்தில் காது பாதி போயிருந்ததால் பக்கத்தில் குனிந்து பேச வேண்டியிருந்தது. அர்காதி ரஷ்ய மொழியிலேயே பேசினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அது வாயில் பழைய செருப்புபோல உட்கார்ந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ரோதியோன் உங்ககிட்ட எத்தனை நாள்னு சொன்னார்?"

"ஒரு வாரம். பட்டறையிலேயே சொல்லிட்டாங்க, ஒரு வாரம் தாங்கும்னார்."

"நான் சொன்னது ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

தீமூர் அவரையே பார்த்தான். "எந்தப் பாஷைல சொன்னீங்க?"

"உக்ரேனியத்துல."

"அவருக்கு அது அரைகுறைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரோன்னு அப்பவே தோணுச்சு. திரும்பக் கூப்பிடல. ஒரு தடவை கூப்பிட்டேன், அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன்?"

ஸ்லாத்தாவின் கட்டைவிரலை எப்படிச் சொல்வது? "நல்லாப் பேசிட்டேன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

தீமூர் ஆரஞ்சுப் பையைப் பார்த்தான். ஒற்றைக் கையால் அதை அவர் பக்கம் தள்ளினான். "இதை உரிக்க எனக்கு ஆள் வேணும். எடுத்துட்டுப் போங்க." பிறகு, "இதை எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. எழுதிக் கொடுங்க" என்றான்.

அர்காதி அன்று மாலையே எழுதினார். உக்ரேனியத்தில் நான்கு முறை தொடங்கினார். ஒவ்வொரு முறையும் வாக்கியம் அவரை அறியாமலேயே அவருக்குச் சாதகமாகத் திரும்பியது. இணைப்பு சரியில்லை, உத்தரவு அப்படி, என்று. கடைசியில் ரஷ்ய மொழியில் எழுதினார். அதில் அவருக்கு ஒளிய இடமில்லை. பட்டறை மேஜர் முதல் வரியைப் பார்த்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அரசு மொழில இருந்தாத்தான் வாங்க முடியும், பெத்ரோவிச். உங்களுக்கே தெரியும்."

அதனால் தாள் ஸ்லாத்தாவிடம் போயிற்று. அவள் நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொருமுறை படித்தாள்.

"இதுல நான் இல்லையே" என்றாள்.

"நீ என்ன பண்ண?"

"பக்கத்துலதான் நின்னேன். அவர் 'நெதேலியா'ன்னது எனக்கும் கேட்டுச்சு. நான் உங்க இலக்கணத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதை எழுதாத. நீ சின்னப் பொண்ணு."

"மொழிபெயர்க்கச் சொன்னீங்கல்ல? பேசாம இருங்க."

அவள் தட்டச்சு செய்தாள். அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. அடியில் தன் பெயரில் இரண்டு வரி சேர்த்தாள். அவர் அவற்றை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவள் தாளை அச்செடுத்து அவரிடமே கொடுத்தாள்.

மேஜர் நெடுநேரம் படித்தார். பிறகு கோப்பில் வைத்தார்.

"இனிமே கடைசித் தேதியும் மிச்சக் குண்டு எண்ணிக்கையும் குழல் மேலயே பெயின்ட்ல எழுதணும். உத்தரவு போடுறேன்."

"எனக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"தண்டனை."

மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் குழல்களைத் தெரிஞ்ச ஆள் எங்கிட்ட மூணு பேர். ஒருத்தரை உள்ள வெச்சுட்டு நான் என்ன பண்றது? போங்க பெத்ரோவிச். மதியம் ஒண்ணு வருது."

அவர் வெளியே வந்தார். அப்படியொரு பதில் வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கத்தியிருந்தாலாவது வாங்கிக்கொண்டிருப்பார். அறிக்கையின் நகல் ஒன்றைத் தீமூருக்கு அனுப்பினார். அவன் பார்த்துவிட்டான் என்று மட்டும் திரை காட்டியது. மதியம் வந்த பீரங்கியை அவரும் ஸ்லாத்தாவும் சேர்ந்தே சோதித்தார்கள். அதற்கு இன்னும் நாற்பது குண்டுதான் ஆயுள்.