திங்கட்கிழமைக் கால்வலி

முகாம் மருத்துவமனையின் பதிவறையில் ஒரு நாற்காலி பின்னால் உருண்டுபோய் அலமாரியில் மோதியது. பதிவுக்காரி துள்ளி எழுந்த வேகம் அப்படி. "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். கேட்பதற்கு அங்கே அந்த அலமாரியைத் தவிர யாரும் இல்லை.

இரண்டு வாரமாக அவள் காயப் பதிவுகளைக் கணினியில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். ராணுவப் பயிற்சிக்கு வந்த பையன்களில் பதினொரு பேருக்குக் கால்வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பதினொரு பேரும் வந்தது திங்கட்கிழமை. திங்கட்கிழமைதான் சுமை தூக்கி நடக்கிற நாள். பிறகென்ன, நடிப்பு என்று முத்திரை குத்தியாயிற்று. பன்னிரண்டு மணிக்குக் கர்னல் கையெழுத்துப் போட்டால் அத்தனை பேரும் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அப்படி எழுதிக் கொடுத்த பயிற்சியாளர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன். பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் விசில்.

பதிவேட்டில் ஒரு கூத்து இருந்தது. காயம் பட்ட தேதி என்ற கட்டத்தில், ஆள் மருத்துவமனைக்கு வந்த தேதியைத்தான் எல்லோரும் எழுதி வந்தார்கள். இவளும்தான் எழுதினாள், ஒழுங்காக வேலை பார்க்கிறோம் என்ற நினைப்பு வேறு! சனி, ஞாயிறு அவசரமென்றால் மட்டுமே பார்ப்பார்கள். அதனால் கூட்டமெல்லாம் திங்களன்று வரும். கடைசிக் கட்டத்தில் டாக்டர் கிறுக்குவதை யாரும் சீண்டுவதில்லை. இன்று கணினியை அதையும் படிக்க வைத்தாள். எட்டு மாதத்தில் நூற்றுப் பதினான்கு கால்வலி. 'மூன்று நாளாக வலி', 'மூன்று நாள்', மறுபடியும் 'மூன்று நாள்'. கழித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை. எந்தக் கால் என்று தேடினாள். தொண்ணூற்றாறு இடது.

வெள்ளிக்கிழமை குளத்தைச் சுற்றி ஓட்டம். எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் ஆரம்பித்தது. எப்போதும் ஒரே திசை, சாலை குளத்துப் பக்கம், அதாவது இடப்பக்கம் சரிவு. ஒவ்வோர் அடிக்கும் பாரமெல்லாம் இடது காலில். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கர்னல் அறைக்கு ஓடினாள்.

கர்னல் பேனாவைத் திறந்திருந்தார். எதிரே அண்ணன் விறைப்பாக நின்றார்.

"சார், ஒரே நிமிஷம்! இவங்க நடிக்கலை. தேதியைத் தப்பா எழுதினது நாங்க!"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணனின் முகம் சிவந்தது.

"ஏம்மா, என் ஓட்டத்துல குறை சொல்றியா?"

"நான் சொல்லலைண்ணா. நூத்திப் பதினாலு பேர் சொல்றாங்க."

கர்னல் திரையில் இருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பேனாவை மூடினார். "எக்ஸ்ரேயில தெரியாத எலும்புக் கீறலா இருக்கும். பதினொரு பேருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஓட்டம் நிக்கட்டும்."

அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கர்னல் முன்னால் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து இடது பூட்ஸைக் கழற்றினார். காலுறைக்குள் முழங்கால்வரை இறுக்கிச் சுற்றிய துணிக்கட்டு.

"நானும் அவங்களுக்கு முன்னாடிதானே ஓடுறேன்," என்றார் தரையைப் பார்த்து. "எந்த மூஞ்சியோட வந்து வலின்னு சொல்றது?"

அவள் அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, மடிக்கணினியில் புதிய பதிவு ஒன்றைத் திறந்தாள்.

"வலி எந்தத் தேதியில ஆரம்பிச்சுதுண்ணா? இன்னைக்குத் தேதியைச் சொல்லாதே."