ரிஹானா இருந்த இடம்

மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், ஆராய்ச்சிக்கு விலங்குகள் வளர்க்கும் கட்டடத்து வாசலில் பவானி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து ஃபினாயிலும் முயல் மூத்திரமும் கலந்த நெடி வந்தது. ஆள் தேவை என்று சுவரில் பர்மிய மொழியில் ஒட்டியிருந்தார்கள்: ஆய்வக உதவியாளர், வாசல் காவலர், கூண்டு பார்க்க ஆள். இத்தனை இடமும் எப்படிக் காலியானது என்று காத்திருந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. பட்டாள ஆட்சியை எதிர்த்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்து சிலர் போனார்கள். சிலரை வீட்டுக்கே வந்து கூட்டிப் போனார்கள்.

கூண்டு பார்த்தவள் ரிஹானா. பசுந்தாங் பேட்டையில் பவானி வீட்டுக்கு நேர் கீழ் மாடி. விசாரணை என்று பட்டாளத்து வண்டியில் ஏற்றிப் போன பிறகு, இருக்கிறாள் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை. அவள் அம்மா கரீமா நேற்று படியேறி வந்து பவானியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற எந்த வேலைக்கு வேணும்னாலும் போ தாயி. அவ வேலைக்கு மட்டும் போவாத. அந்த இடம் காலியா கெடக்குற வரைக்கும் அவ வந்துடுவான்னு நெனச்சுக்குவேன்."

"ஆய்வகத்துக்குப் படிச்சவங்களக் கேக்குறாங்கக்கா. காவலுக்கு ஆம்பளதான் வேணுமாம். நான் என்ன செய்ய?"

கரீமா கையை விட்டுவிட்டு இறங்கிப் போனாள். பவானிக்குக் கோபம்தான் வந்தது. அவள் வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று புருஷன் தனசேகரன் தெருவில் இறங்குவதே இல்லை. பிள்ளைகளின் வயிறு யாருக்காகக் காத்திருக்கும்?

மேற்பார்வையாளர் ராஜரத்தினம் அவளை உள்ளே கூப்பிட்டார். தமிழர்தான்.

"முயலுக்குப் பயப்படுவியாம்மா?"

"இல்ல ஸயா," என்று பர்மியரைப் போலவே மரியாதையாகச் சொன்னாள்.

"அப்ப இன்னிக்கே நில்லு. இதப் போட்டுக்க." கூண்டு பார்ப்பவர் போடும் நீலச் சட்டை ஒன்றை நீட்டினார். "தொறக்கறதுக்கு முந்தி கம்பியத் தட்டு. முன்ன இருந்த புள்ள அப்படித்தான் பழக்கிச்சு."

பெயரை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. தட்டியதும் முயல்கள் கம்பிக்கு ஓடி வந்தன. அவள் கையை மோந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போய் மூலையில் ஒடுங்கின. பவானிக்கு அடுத்த கூண்டைத் தட்டக் கை வரவில்லை. ஆனாலும் தட்டினாள்.

சாயங்காலம் ராஜரத்தினம், "இடம் ஒனக்குத்தான்மா" என்றார்.

சட்டையைத் துவைத்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். மழை நசநசத்தது, அதைக் கழற்றாமலே பஸ் ஏறினாள்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டார் வாசல் சாவியைக் கயிற்றில் மாட்டி இறக்குவார்கள். பவானி தன் வீட்டுக் கயிற்றில் கை வைத்தாள். இழுப்பதற்குள் பக்கத்துக் கயிறு சரசரவென்று மேலே ஏறியது. கரீமா வீட்டுக் கயிறு. புரை விழுந்த கண்ணோடு அவள் மாடிக் கம்பிமேல் பாதி உடம்பைச் சாய்த்து, கீழே நின்ற நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா! ரிஹானா, அங்கயே நில்லு, சாவி வருது!"

சாவி குதித்துக் குதித்து இறங்கி வந்தது. பவானி நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் தெரிந்துவிடும். மேலே கரீமா, மகள் வந்துவிட்டாள் என்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொன்னாள். எதிர்ச் சாரியில் ஜன்னல்கள் திறந்தன.

"எடும்மா. ஏன் அப்படியே நிக்கிற?"

சாவி அவள் நெஞ்சுக்கு நேரே வந்து, மழையில் நனைந்தபடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.