அட்டையில் ஓடிய வேர்

வெண்ணந்தூரில் நானும் என் கணவர் தனபாலும் டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறோம். அவருக்குக் கை வேகம், எனக்கு வாய் வேகம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று காலை கந்தப்பன் அண்ணன் தன் கோழிப்பண்ணை டிரான்ஸ்ஃபார்மரை லாரியில் கொண்டுவந்தார். போன கோடையில் நாங்கள் சரிசெய்து கொடுத்ததுதான். உள்ளே ஏதோ பொரிகிற சத்தமாம். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றால் கோழிகள் சுருண்டு விழும். வாடகை ஜெனரேட்டர் பாதிக் கொட்டகைக்குத்தான் தாங்குகிறது.

"சாயங்காலம் கெடைச்சாப் போதுஞ்சாமி," என்றார்.

எண்ணெயை வடித்துச் சோதித்தோம். தேறிவிட்டது. கம்பிச் சுருள்களை வெளியே தூக்கியபோதுதான் அவற்றுக்கு நடுவே மின்சாரம் தாவாமல் இருக்க நிற்கும் தடுப்பு அட்டையைப் பார்த்தேன். பிடுங்கிய கடலைச்செடி வேர் மாதிரி, கிளை கிளையாக ஒரு கரிக்கோடு.

மின்பொறி எப்போதும் அட்டையைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. எண்ணெயும் அட்டையும் ஒட்டுகிற இடத்தில் மேலாகவே ஊர்ந்து, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அடுத்த முறை அதே கரித்தடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போகும். எண்ணெயை எவ்வளவு வடிகட்டினாலும் தடம் அழியாது. மறுமுனையைத் தொடும்வரை டிரான்ஸ்ஃபார்மர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; தொட்ட நொடியில் வெடித்துவிடும். அதன் பொறுமையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

"புது அட்டை வரோணுங்ண்ணா. காயவெச்சு எண்ணெயில ஊறவும் வெக்கோணும். நாலஞ்சு நாளாவுமுங்க," என்றேன்.

அண்ணன் முகம் வாடிவிட்டது. தனபாலுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அட்டையத் திருப்பி வெச்சர்லாமுங்ண்ணா. அந்தப் பக்கம் சுத்தமாத்தான் இருக்கும். இன்னைக்கே ஏத்தியுட்டர்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அட்டையைக் கழற்றித் திருப்பிவிட்டார்.

அந்தப் பக்கமும் வேர். இதைவிடப் பழையது.

"இதுல நல்ல பக்கம் எதுங்க?" என்று கேட்டார் கந்தப்பன் அண்ணன். கேலியாகக் கேட்கவில்லை.

"ரெண்டுமே இல்லீங்ண்ணா," என்றார் தனபால். குரல் உள்ளே போய்விட்டது. "போன வருசமே நாந்தேன் திருப்பியிருக்கறேன். நெனப்பே இல்லீங்க. அவசரம்னு வந்து நிக்கறவங்களுக்கெல்லாம் திருப்பித் திருப்பி..."

எனக்கு இது தெரியாது.

கந்தப்பன் அண்ணன் வெளியே போய்ப் பண்ணைக்குப் போன் செய்தார். "பாதிக் கோழிய இன்னைக்கே கறிக்கு ஏத்தியுட்ருங்க. ஆமா, முட்டை போடறதுந்தான்."

தனபால் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதாரோ என்னவோ, நான் பார்க்கவில்லை. அவருடைய போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"யார் யாருக்குத் திருப்பி வெச்சீங்களோ, நெனப்பு வர வரக் கூப்புடுங்க," என்றேன்.