கருங்குருதியின் முதல் பாட்டு

சொல்லிவிடுவது என்று முடிவுகட்டித்தான் பாண்டிராஜ் அன்று காலையில் கே.கே. நகருக்கு வண்டியை எடுத்தான். நண்பன் குருபிரசாத்தின் பதின்மூன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அவனுடைய அம்மா அனந்தலக்ஷ்மி போன் பண்ணி, "அவன் கடைசியாப் பாடினது உன் போன்ல இருக்காமே, கொண்டுவந்து போட்டுக் காட்டேண்டா" என்று கேட்டிருந்தாள். பாட்டைப் போடுவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பிள்ளை செத்தது விதியாலும் இல்லை, மழையாலும் இல்லை, என்னால். அவ்வளவுதான். வில்லாபுரத்திலிருந்து போகிற வழியெல்லாம் அதையே ஒப்பித்துக்கொண்டு போனான்.

மதுரையில் மெட்டல் ராக் இசைக்குழு ஆரம்பிக்கப் புத்தியுள்ள எவனுக்காவது தோன்றுமா? இவர்கள் மூன்று பேருக்குத் தோன்றியது. பாண்டிராஜ் டிரம்ஸ், கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் அழகுபாண்டி பேஸ் கிதார், குருபிரசாத் கிதாரும் குரலும். 'கருங்குருதி' என்று பேர் வேறு வைத்தாயிற்று. பாண்டிராஜின் மாமா பந்தல் சாமான் போட்டுவைத்திருந்த மொட்டைமாடித் தகரக்கூரை அறையில்தான் பயிற்சி. சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று எவனோ சொல்ல, மூவரும் உட்கார்ந்து ஒட்டினார்கள். சத்தம் தெருமுனை வரைக்கும் ஜோராகப் போனது.

குரு பாடுவது நம் காதுக்குப் பாட்டு மாதிரியா இருக்கும்? அடிவயிற்றிலிருந்து உறுமுவான், பிறகு கழுத்து நரம்பு புடைக்க அலறுவான். முதல் வாரம் எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு விபூதித் தட்டோடு மாடியேறி வந்து, "யாருக்குடா சாமி வந்திருக்கு?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும், "அடப்பாவிகளா, பாட்டுக்கா இம்புட்டுக் கத்து? நாங்கூடக் கருப்பு எறங்கிட்டாருன்னுல்ல பதறியடிச்சு வந்தேன்" என்று வைதுவிட்டு இறங்கினாள். அப்புறம் தெரு பழகிக்கொண்டது. என்ன அலறல் கேட்டாலும் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

திருச்சியில் ஒரு கல்லூரி விழாவில் மேடை கிடைக்கும்போல இருந்தது. ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். அங்கேதான் சனி பிடித்தது. கிதார் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப், கல்யாணக் கச்சேரிக்காரர்கள் கழித்துக்கட்டிய பழசு. எந்நேரமும் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். பதிவில் கேட்டால் பாட்டைவிட அந்த இரைச்சல்தான் தூக்கலாக இருந்தது.

"மாப்ள, இந்த எரைச்சல என்னமாச்சும் பண்ணுடா. இத அனுப்புனா காறித் துப்புவாய்ங்க" என்றான் குரு.

எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒரு கிதார்க்காரன் சொல்லியிருந்தான். பாண்டிராஜ் பிளக்கைத் திறந்தான். பச்சை ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினான். இரைச்சல் சட்டென்று நின்றது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஷாக் அடித்தால் காப்பாற்றுவதற்குத்தான் அந்தப் பச்சை ஒயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் மூன்று பேரும். படித்து என்ன பிரயோஜனம்!

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. கூரை ஒழுகியது. குரு வழக்கம்போல வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றான். போனைப் பதிவில் போட்டுவிட்டு ஆரம்பித்தார்கள். பாட்டின் நடுவில் குரு கிதார்க் கம்பியைப் பிடித்தபடியே மைக்கில் வாயை வைத்தான். ஒரு அலறல் எழுந்தது. அப்படியொரு அலறலை அவன் அதுவரை போட்டதே இல்லை. உடம்பு விறைத்து வளைந்தது, கண் மேலே செருகியது.

"அப்படிப் போடு மாப்ள!" என்று கத்தினான் அழகுபாண்டி.

பாண்டிராஜுக்குப் புல்லரித்துப் போனது. திருச்சி நமக்குத்தான் என்று நினைத்தான். அந்த அலறலுக்கு ஈடுகொடுத்து இன்னும் வேகமாக அடித்தான், சந்தோஷமாக அடித்தான். குரு கிதாரோடு குப்புற விழுந்து, எழாமலே கிடந்தபோதுதான் அவன் கை நின்றது. பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. போலீஸ் வந்து பார்ப்பதற்கு முன்னால் பாண்டிராஜ் மாடியேறிப் பச்சை ஒயரை மறுபடி பிளக்கில் மாட்டித் திருகினான். அழுதுகொண்டேதான் மாட்டினான், ஆனாலும் மாட்டினான். பழைய ஆம்ப், ஈரத்தரை, பையனுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று ஊர் பேசி முடித்தது. "வாயத் தொறக்காத மாப்ள. அந்தப் பதிவையும் அழிச்சுப்புடு" என்று அழகுபாண்டி கெஞ்சினான். பாண்டிராஜுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கே.கே. நகர் வீட்டில் குருவின் அப்பா சுப்பராமன் கதவைத் திறந்தார். "வாப்பா" என்றவர் உள்ளே போய்விட்டார். அனந்தலக்ஷ்மி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள்.

"இருந்த வரைக்கும் ஒரு தடவகூட உக்காந்து கேக்கலடா. காதப் பொத்திண்டு எழுந்து போயிடுவேன். ஏண்டா நாய் மாதிரி குலைக்கறேன்னு கேட்டேன். பெத்தவ கேக்கற கேள்வியா அது?"

"மாமி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. முதல்ல போடு."

"இல்ல மாமி, சொல்லிட்டுப் போடுறேன்..."

"போடுடா கண்ணா. என் வயிறு எரியறது."

போட்டான். அலறல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடலாம் என்று கட்டைவிரலைத் திரைமேல் வைத்திருந்தான். அதற்குள் அவள் போனை வாங்கிக் காதோரம் வைத்துக்கொண்டாள். டிரம்ஸ் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தாள், உறுமலுக்கு உதட்டைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அலறல் வந்தது. அவள் முகம் மலர்ந்துபோனது.

"ஐயோ, இந்த எடம் நன்னா இருக்கேடா! இதுல அவன் குரல் நன்னாத் தெரியறதே! ஏன்னா, இங்க வாங்கோ, கொழந்த பாடறதக் கேளுங்கோ."

அலறல் ஓய்ந்ததுமே பாண்டிராஜ் எட்டித் திரையைத் தொட்டு நிறுத்தினான். சுப்பராமன் வந்து நின்றார். அவள் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள். போட்டான். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நன்னாத்தான் பாடியிருக்கான். நான்தான் ஒரு வார்த்த நல்லதாச் சொல்லல" என்றார்.

நன்றாகப் பாடுகிறான் என்றுதான் அன்றைக்கு நாங்களும் நினைத்தோம் என்று பாண்டிராஜ் சொல்ல வேண்டும். கத்த வேண்டும்போல இருந்தது. காலில் விழ வேண்டும்போல இருந்தது. காப்பியை எடுத்துக் குடித்தான்.

"இந்த எடத்த மட்டும் என் போன்ல ரிங்டோனா வெச்சுத் தரியா? யாரு கூப்ட்டாலும் அவன் குரல் கேக்கட்டும். வீடு ரொம்ப நிசப்தமா இருக்குடா" என்றாள் அனந்தலக்ஷ்மி.

முன்னாலும் பின்னாலும் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, அடியில் தன் டிரம்ஸ் ஓடுகிற அந்த அலறலை மட்டும் பிரித்தெடுத்து அவள் போனில் வைத்தான். கை துளிக்கூட நடுங்கவில்லை. அதை நினைக்கத்தான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"ஏதோ சொல்லணும்னியேடா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல மாமி."

"சரி, நீயே ஒரு தடவ கூப்டு. வர்றதான்னு பாப்போம்."

பாண்டிராஜ் அவள் எண்ணை அழுத்தினான். கூடத்தின் நடுவில் குருபிரசாத் அலறினான். அனந்தலக்ஷ்மி போனை எடுக்கவில்லை, நெஞ்சோடு வைத்து அணைத்துக்கொண்டாள். அலறல் முடிந்து மறுபடி ஆரம்பித்தது, மறுபடியும். சிவப்புப் பொத்தானைத் தொட்டால் நின்றுவிடும். பாண்டிராஜ் தொடவில்லை. அது தானாக ஓய்கிற வரைக்கும் மூவரும் கேட்டார்கள்.

"இன்னொரு தடவ பண்ணுடா கண்ணா" என்றாள்.

பண்ணினான்.